பின்மூடிக்குள் இருக்கும் ஒமேகா

பழைய ஒமேகாவை விற்க வருபவர் டயலைக் காட்டுவார். வாங்கத் தெரிந்தவர், "பின்மூடியைத் திறந்து ஒரு போட்டோ அனுப்புங்க" என்பார். டயலில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். உள்ளே செம்பு நிறத்தில் மின்னும் மெஷினில், சக்கரங்களைத் தாங்கும் 'பாலம்' என்ற தகட்டின் ஓரமாகப் பொறித்திருக்கும் மூன்று இலக்க எண்ணை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. 321, 561, 861 என்று அந்த எண்ணைப் படித்தாலே அது எந்தக் காலத்து வாட்ச், எதற்காகச் செய்தது, எங்கே தேய்ந்திருக்கும், என்ன விலை கொடுக்கலாம் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

எல்லா சுவிஸ் கம்பெனிகளும் மெஷினுக்கு எண் கொடுப்பது உண்டுதான். ஒமேகாவில் அதற்குக் கூடுதல் நியாயம் இருக்கிறது. ஒமேகா என்பதே முதலில் ஒரு மெஷினுக்கு வைத்த பெயர். கம்பெனிக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது.

19 லிக்ன்

1848-ல் லூயி பிராண்ட் என்ற 23 வயது இளைஞர், சுவிட்சர்லாந்தின் ஜுரா மலைப்பகுதியில் இருக்கும் லா ஷோ-த-ஃபோன் ஊரில் தொழிலைத் தொடங்கினார். தொழிற்சாலை எதுவும் கிடையாது. அக்கம்பக்கத்துக் கைவினைஞர்கள் செய்துகொடுக்கும் சக்கரங்களையும் ஸ்பிரிங்குகளையும் வாங்கி, கோத்து, நேரம் சரிபார்த்து, சாவி போட்டு முடுக்கும் பாக்கெட் வாட்சுகளாக இத்தாலி முதல் ஸ்காண்டிநேவியா வரை விற்றார். அன்று எல்லோரும் செய்த வியாபாரம்தான் இது. ஒவ்வொரு பாகமும் அந்தந்த வாட்சுக்கென்று அரம் போட்டுப் பொருத்தியது. ஒன்றில் பல் உடைந்தால் இன்னொன்றின் சக்கரத்தை எடுத்து மாட்ட முடியாது. புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

லூயி 1879-ல் இறந்தார். அவருடைய மகன்கள் லூயி-போல், சேசார் இருவரும் 1880-ல் பட்டறையை பியென் நகருக்கு மாற்றினார்கள். இன்றும் தலைமையகம் அங்கேதான். வீட்டுக்கு வீடு பாகம் சேகரிப்பதை விட்டு, ஒரே கூரையின் கீழ் இயந்திரங்களை வைத்துச் செய்யத் தொடங்கினார்கள். 1885-ல் லாப்ரடோர் என்ற மெஷின் வந்தது. 1894-ல் 19 லிக்ன் அளவுள்ள புதிய மெஷின். லிக்ன் என்பது வாட்ச் தொழிலின் பழைய அளவு, ஒரு லிக்ன் சுமார் 2.26 மில்லிமீட்டர். ஆக, 43 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பாக்கெட் வாட்ச் மெஷின்.

அந்த மெஷினில் எந்தப் பாகம் போனாலும் கம்பெனியிலிருந்து அதே பாகத்தை வரவழைத்து, அரம் தொடாமல் அப்படியே மாட்டலாம். முடுக்குவது, நேரம் வைப்பது இரண்டும் ஒரே திருகியில். இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த இரண்டும் அன்று பெரிய விஷயம். ஆன்ரி ரிக்கெல் என்ற வங்கிக்காரர், கிரேக்க எழுத்துகளில் கடைசியான ஒமேகாவின் பெயரை வைக்கச் சொன்னார். இதற்கு மேல் ஒன்றுமில்லை என்ற பெருமை. மெஷின் விற்ற விற்பனையில் 1903-ல் கம்பெனியின் பெயரிலேயே ஒமேகா சேர்ந்தது. அதே ஆண்டில் அண்ணன் தம்பி இருவரும் இறந்துவிட, தொழில் அடுத்த தலைமுறைக்குப் போனது. பொறுப்பேற்ற நால்வரில் மூத்தவரான போல்-எமில் பிராண்டுக்கு அப்போது 23 வயது.

மூன்று இலக்கங்களைப் படிப்பது

கைக்கடிகாரங்களில் ஒமேகாவுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது 1939-ல் வந்த 30டி2. பெயரில் இருக்கும் 30, மில்லிமீட்டர் கணக்கில் அதன் விட்டம். அந்தக் காலத்துக் கைக்கடிகாரத்துக்குள் முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தையும், விசை தரும் மெயின் ஸ்பிரிங்கையும் ஓரளவு பெரிதாக வைக்க அந்த அகலம் இடம் கொடுத்தது. பேலன்ஸ் சக்கரம் பெரிதாக இருந்தால் கை ஆட்டத்துக்கும் அதிர்ச்சிக்கும் அது எளிதில் தடுமாறாது. நல்ல நேரத்தின் அடிப்படை அதுதான், மற்றதெல்லாம் நுணுக்கம். 30 மில்லிமீட்டர் குடும்பம் 1960-களின் தொடக்கம் வரை வந்தது. 1949 வாக்கில் கம்பெனி எல்லா மெஷின்களுக்கும் மூன்று இலக்க எண் கொடுத்தபோது இது 260, 280 வரிசைகளில் போய்ச் சேர்ந்தது. கையால் முடுக்கும் பழைய ஒமேகா ஒன்று மட்டும் வேண்டும் என்பவருக்கு 26-லோ 28-லோ தொடங்கும் எண்ணைத்தான் சொல்வேன். எளிமையானது, எந்த நல்ல மெக்கானிக்கும் கை வைக்கப் பயப்படாதது.

1943-ல் வந்த முதல் தலைமுறை ஆட்டோமேட்டிக்கை 'பம்பர்' என்பார்கள். கை அசைவில் ஆடி அதை முடுக்கும் எடை முழுச் சுற்று சுற்றாது. ஒரு வளைவுக்குள் போய்வந்து, இரு முனையிலும் உள்ள சின்ன ஸ்பிரிங்கில் இடித்துத் திரும்பும். கையில் கட்டினால் அந்த மெல்லிய 'டொக்' தெரியும். அதை ரசிப்பவர்கள் உண்டு. அந்த ஸ்பிரிங் உடைந்தாலோ, எடையின் அச்சு தேய்ந்தாலோ, 'டொக்' என்பது 'கட' என்று மாறிவிடும்.

1955-லிருந்து முழுச் சுற்று சுற்றும் எடை, அதாவது ரோட்டர், வந்தது. 1950-களின் கடைசியில் 550 வரிசை. ஒமேகாவின் உச்சம் எது என்று கேட்டால், நிலாவுக்குப் போனதை விட்டுவிட்டு இதைத்தான் கைகாட்டுவேன். மணிக்கு 19,800 துடிப்பு, ஒருமுறை முழுதாக ஏறினால் 50 மணி நேரம். 552-ல் தேதி இல்லை, 562-ல் தேதி உண்டு, 565-ல் தேதியை விரைவாக மாற்றும் வசதி உண்டு. இவற்றுக்கு இணையாக கிரானோமீட்டர் சான்று (நேரத் துல்லியத்தைச் சோதித்துத் தரும் சான்று) பெற்றவை 551, 561, 564. வாட்சை வைக்கும் ஐந்து நிலைகளிலும் வெப்பநிலை மாற்றத்திலும் சரிசெய்தது என்று இவற்றின் பாலத்திலேயே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்.

565-லும் 564-லும் தேதி மாற்றத் திருகியைச் சுழற்றத் தேவையில்லை. நேரம் வைக்கும் நிலையையும் தாண்டி வெளியே இழுத்து விட்டால், இழுப்புக்கு ஒரு தேதி. தெரியாதவர்கள் பலமாக இழுத்துத் திருகியையே கையோடு கொண்டுவந்துவிடுவதும் நடக்கும். 562-லும் 561-லும் அந்த வசதி இல்லை. நள்ளிரவைத் தாண்டியதும் முள்ளைப் பின்னோக்கி ஒன்பது மணிக்குக் கீழே கொண்டுபோய், மறுபடி பன்னிரண்டைத் தாண்ட வைக்க வேண்டும்.

இந்த வரிசையில் கெடுவது பெரும்பாலும் ரோட்டரின் அச்சு. எண்ணெய் காய்ந்து பல ஆண்டு ஓடினால் அச்சும் அது பொருந்தும் துளையும் தேயும், ரோட்டர் ஒரு பக்கம் தொங்கும், பின்மூடியின் உட்புறத்தை உரசும். மூடியைத் திறந்ததும் உள்பக்கத்தில் வட்டமாக ஒரு கீறல் தெரிந்தால் காரணம் இதுதான். உரசிய உலோகத் தூள் மெஷினுக்குள்ளேயே விழும். மற்ற இடங்களும் தேயத் தொடங்கும். திறக்க முடியாத இடத்தில் வாட்சைக் காதருகே வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ரோட்டர் சத்தமில்லாமல் வழுக்க வேண்டும், தகரம் உரசுவது போலக் கேட்கக் கூடாது. இன்னொன்று, செம்பு நிறப் பூச்சு. அது சீராக இருந்தால் நல்லது. கரும்புள்ளிகளோ, பூச்சு போய் வெள்ளையான திட்டுகளோ இருந்தால் எப்போதோ ஈரம் புகுந்திருக்கிறது. திருகியின் தண்டு இருக்கும் பக்கத்தில் துருவைத் தேடுங்கள். தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும்.

மெஷின் எண்ணோடு பின்மூடியின் உட்புற எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1960-களின் ஒமேகாக்களில் அது 166.010, 168.005 என்ற மாதிரி இருக்கும். முன்னால் வரும் மூன்று இலக்கம் ஒரு குறியீடு. 135 என்றால் கையால் முடுக்குவது, தேதி இல்லை. 136, அதுவே தேதியோடு. 165 ஆட்டோமேட்டிக், 166 தேதியுள்ள ஆட்டோமேட்டிக். 167-ம் 168-ம் கிரானோமீட்டர்கள். மூடியில் 168 இருந்து உள்ளே 562 ஓடினால், யாரோ நல்ல மெஷினைக் கழற்றிவிட்டுச் சாதாரண மெஷினை வைத்திருக்கிறார்கள். டயலில் ஆட்டோமேட்டிக் என்று எழுதி உள்ளே கையால் முடுக்கும் 601 இருப்பதும் சந்தையில் சகஜம்.

மெஷினில் இருக்கும் சீரியல் எண்ணிலிருந்து ஆண்டைத் தோராயமாகக் கணக்கிடலாம். எட்டு இலக்க எண் 18-ல் தொடங்கினால் 1961-ஐ ஒட்டியது, 22-ல் தொடங்கினால் 1965-ஐ ஒட்டியது. ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கும்.

கவிழ்த்த தாம்பாளம்

கிரானோமீட்டர் மெஷின்கள் போய்ச் சேர்ந்த வீடு கான்ஸ்டலேஷன். 1952-ல் வந்தது. பின்மூடியில் ஒரு வானாய்வகத்தின் குவிமாடமும் மேலே எட்டு நட்சத்திரங்களும் புடைப்பாக இருக்கும். ஜெனீவா, கியூ-டெடிங்டன் போன்ற ஆய்வகங்களில் நடந்த துல்லியப் போட்டிகளில் ஒமேகா ஜெயித்ததற்கான நினைவு அது. கியூ-டெடிங்டனில் 1936-ல் 100-க்கு 97.8 புள்ளி எடுத்தார்கள். போலி மூடிகளில் குவிமாடத்தின் கோடுகள் மழுங்கி, நட்சத்திரங்கள் புள்ளியாகத் தெரியும். நிஜ மூடியைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தாலும் அதே கதிதான்; அப்படித் தேய்ந்த மூடிக்கு விலை குறையும்.

அந்தக் காலக் கான்ஸ்டலேஷன்களில் எல்லோரும் தேடுவது, ஓரம் பன்னிரண்டு பட்டையாகச் சரியும் டயல். கவிழ்த்து வைத்த தாம்பாளம் போல இருக்கும். மணிக்குறிகள் ஒவ்வொன்றும் தனியாகச் செய்து பதித்தவை. சாய்வும் சமதளமும் சந்திக்கும் கோடு கத்திபோல் கூர்மையாக இருந்தால் டயல் தொடப்படாதது. மறுபடி பெயிண்ட் அடித்த டயலில் அந்தக் கோடு மொழுமொழுவென்று ஆகிவிடும். 1982-ல் வந்த மன்ஹாட்டன் மாடலிலிருந்து இரு பக்கமும் நகம் போன்ற கவ்விகளோடு கான்ஸ்டலேஷன் வேறு திசைக்குப் போய்விட்டது. அதை விரும்புகிறவர்கள் நிறையப் பேர். அதில் எனக்கு ஆர்வம் இல்லை.

1957, பிறகு நிலா

1957-ல் ஒமேகா மூன்று வாட்சுகளைச் சேர்த்து இறக்கியது. நீரில் மூழ்குபவர்களுக்கு சீமாஸ்டர் 300. காந்தப்புலத்துக்கு அருகில் வேலை செய்பவர்களுக்கு ரயில்மாஸ்டர். மெஷினைச் சுற்றி மென்னிரும்பில் உள்கூடு போட்டு 1,000 காஸ் (காந்தப்புலத்தின் அளவு) வரை தாங்கியது. கார் பந்தயத்துக்கு ஸ்பீட்மாஸ்டர், எண் சிகே 2915. வேகம் கணக்கிடும் அளவுகோலை டயலிலிருந்து எடுத்து வெளி வளையத்தில் வைத்த முதல் கிரானோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் உள்ள வாட்ச், இது. ஒரு கிலோமீட்டர் கடக்க 36 விநாடி ஆனால் முள் நிற்கும் இடத்தில் 100 என்று இருக்கும். விண்வெளி என்ற சொல் அதைச் செய்தவர்கள் மனதிலேயே இல்லை.

உள்ளே இருந்தது 321. ஒமேகாவும் டிசோவும் 1930-ல் சேர்ந்து அமைத்த எஸ்எஸ்ஐஹெச் குழுமத்தில் லெமானியா என்ற கிரானோகிராஃப் நிபுணர்கள் 1932-ல் இணைந்தார்கள். அங்கே ஆல்பெர் பிகே வடிவமைத்த 27 மில்லிமீட்டர் மெஷின் 1942-ல் முடிந்தது. அதுவே பிறகு 321 ஆனது. பொத்தானை அழுத்தும்போது உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும். கோட்டைச் சுவர் போல வரிசையாகத் தூண்கள் நிற்கும் ஒரு குட்டிச் சக்கரம் ஒரு அடி திரும்பும். தூண்மேல் சாய்ந்திருந்த நெம்புகோல் இரண்டு தூணுக்கு நடுவில் விழும். அந்த அசைவில் இணைப்புச் சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து நடுச் சக்கரத்தின் பற்களைக் கவ்வும். பல் பல்லின் மேலேயே போய் உட்கார்ந்தால், கிளம்பும்போது விநாடி முள் லேசாகத் துள்ளும். கோளாறு என்று நினைத்துப் பலர் கடைக்கு ஓடுவார்கள். பக்கவாட்டில் இணைக்கும் எல்லா மெஷினுக்கும் உள்ள குணம் அது.

1962 அக்டோபர் 3 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் வால்லி ஷிரா தன் சொந்த ஸ்பீட்மாஸ்டரைக் கட்டிக்கொண்டு மெர்க்குரி கலத்தில் பூமியைச் சுற்றினார். நாசா அதிகாரபூர்வமாக வாட்ச் தேடியது அதற்குப் பிறகு, 1964-ல். பொறியாளர் ஜேம்ஸ் ரேகன் பல கம்பெனிகளிடம் மாதிரி கேட்டார். ஒமேகா, ரோலெக்ஸ், லாஞ்சின்ஸ்-விட்னாயர், ஹாமில்டன் பதில் போட்டன. ஹாமில்டன் அனுப்பியது பாக்கெட் வாட்ச், உடனே ஒதுக்கிவிட்டார்கள். மற்ற மூன்றும் 11 சோதனைகளுக்குப் போயின.

சோதனைகளின் கடுமையைப் பார்த்தால் மெஷின் மீது இரக்கம் வரும். 71 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம், கூடவே 93 டிகிரியில் 30 நிமிடம். மைனஸ் 18 டிகிரியில் 4 மணி நேரம். வெற்றிடத்தில் சூடும் குளிரும் மாறி மாறி 15 சுற்று. 95 சதவீதத்துக்கும் மேலான ஈரப்பதத்தில் 240 மணி நேரம். ஆறு திசைகளிலிருந்து 40 ஜி அதிர்ச்சி. 130 டெசிபல் இரைச்சலில் 30 நிமிடம். ரோலெக்ஸ் ஈரப்பதத்தில் ஓடாமல் நின்றுபோனது. சூட்டில் அதன் விநாடி முள் வளைந்து மற்ற முட்களில் சிக்கியது. லாஞ்சின்ஸின் கண்ணாடி வளைந்து பெயர்ந்தது. ஒமேகாவும் சேதமில்லாமல் வரவில்லை. காற்றழுத்தம் குறைத்த சோதனையில் 21 நிமிடம் முந்தியது, வேக முடுக்கச் சோதனையில் 15 நிமிடம் பிந்தியது, டயலின் ஒளிரும் பூச்சு செத்துப்போனது. ஆனாலும் நிற்கவில்லை. 1965 மார்ச் 1 அன்று சான்று கிடைத்தது. அந்த ஜூன் 3 அன்று எட் வைட் அதைக் கட்டிக்கொண்டு விண்வெளியில் மிதந்தார்.

நிலாவில் நடந்த முதல் வாட்ச் பஸ் ஆல்ட்ரின் கையில் இருந்தது. கலத்தின் மின்னணுக் கடிகாரம் வேலை செய்யாததால் நீல் ஆம்ஸ்ட்ராங் தன்னுடையதைக் கலத்திலேயே மாற்றாக விட்டுவிட்டு இறங்கினார். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13. ஆக்சிஜன் தொட்டி வெடித்து, மின்சாரத்தைச் சேமிக்கக் கருவிகளையெல்லாம் அணைத்துவிட்ட நிலையில், பாதையைத் திருத்த எஞ்சினை 14 விநாடி எரிக்க வேண்டியிருந்தது. அந்த 14 விநாடியை ஜாக் ஸ்விகர்ட் தன் ஸ்பீட்மாஸ்டரில் எண்ணினார்.

861, அதன் சில்லறைத் தொல்லைகள்

நிலாவுக்குப் போன 321-ஐ, நிலாவில் இறங்குவதற்கு முன்பே 1968-ல் உற்பத்தியில் மாற்றிவிட்டார்கள். வந்தது 861. தூண் சக்கரத்துக்குப் பதிலாகத் தகட்டில் வெட்டிய, மேடுபள்ளமான விளிம்புள்ள கேம். துடிப்பு மணிக்கு 18,000-லிருந்து 21,600 ஆனது. செய்வதற்கு மலிவு, சரிபார்ப்பதும் சுலபம். சேகரிப்பாளர்கள் 321-ஐக் கோவிலில் வைத்துக் கும்பிடுகிறார்கள், விலையும் அப்படியே. தினமும் கட்ட வேண்டும் என்றால் 861-ஓ, அதன் வாரிசான 1861-ஓ போதும். பாகம் கிடைக்கும், பழுது பார்க்க ஆள் கிடைக்கும், நேரமும் குறைவில்லை.

அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று: ஸ்டாப்வாட்சை ஓட விடாமலேயே ஆறு மணி இடத்தில் இருக்கும் மணி முள் தானாக மெல்ல நகர்கிறது. அந்த முள்ளுக்கு விசை, நடுச் சக்கரத்திலிருந்து வராமல், மெயின் ஸ்பிரிங் உருளையிலிருந்தே உராய்வு இணைப்பு வழியாக வருகிறது. ஓடாதபோது ஒரு சின்ன பிரேக் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அழுக்கு சேர்ந்து உராய்வு கூடினால், அல்லது பிரேக் தளர்ந்தால், முள் ஊரும். சர்வீஸில் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. சுழிக்குத் திரும்பும்போது விநாடி முள் 12-க்கு ஒரு கோடு தள்ளி நின்றால், பெரும்பாலும் முள் அதன் அச்சில் லேசாகத் திரும்பியிருக்கும். எடுத்துச் சரியாக அழுத்தினால் போதும். ஸ்டாப்வாட்ச் ஓடும்போது கீழ்ப் பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் மேல் பொத்தானால் நிறுத்தி, பிறகு சுழியாக்க வேண்டும்.

கண்ணாடி என்று சொன்னாலும் அது ஹெசலைட் எனப்படும் பிளாஸ்டிக். கலத்துக்குள் சிதறிப் பறக்கக் கூடாது என்பதால் அதுவே வசதியாக இருந்தது. சட்டைப் பொத்தான் பட்டாலே கீறும். மெல்லிய பாலிஷ் பசையும் துணியும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் கீறல் மறையும். அதன் நடுமையத்தில், லென்ஸ் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, கடுகைவிடச் சின்னதாக ஒமேகா சின்னம் இருக்கும். இல்லையென்றால் வெளி மார்க்கெட் கண்ணாடி. 50 மீட்டர் என்று போட்டிருக்கிறதே என்று நீச்சல் குளத்தில் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டாம்.

வாட்சின் துடிப்பைக் கேட்டு அளக்கும் டைமிங் மெஷினில் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. உந்துதலின்போது பேலன்ஸ் திரும்பும் கோணத்தை (லிஃப்ட் ஆங்கிள்) பெரும்பாலான கருவிகள் பொதுவாக 52 டிகிரி என்று வைத்திருக்கும். 861-க்கு 50, 550 வரிசைக்கு 49 என்று மாற்றாவிட்டால் பேலன்ஸின் வீச்சு நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். தளர்ந்த வாட்ச் ஆரோக்கியமாகத் தெரியும். முழுதாக முடுக்கி, டயல் மேலே பார்க்கப் படுக்க வைத்து வீச்சு 270 டிகிரிக்கு மேல் வந்தால் நிம்மதி. 200-க்குக் கீழே போனால், எவ்வளவு நேரம் சரியாகக் காட்டினாலும் சர்வீஸ் வேண்டும்.

1970-களை வேகமாகக் கடந்துவிடலாம். ஸ்வரக்கவை அதிர்வில் ரீங்கரிக்கும் எஃப்300, ஆரம்ப குவார்ட்ஸ், நொடிக்கு 24 லட்சம் அதிர்வுள்ள மெகாகுவார்ட்ஸ் என்று ஒமேகா எல்லாவற்றிலும் கைவைத்தது. மாடல்கள் கணக்கில்லாமல் பெருகின. எஃப்300 அழகானது, ஆனால் மின்சுருள் போனால் பாகம் தேடி அலைய வேண்டும் என்பதால் ஓடாத ஒன்றை மலிவு என்று வாங்காதீர்கள். ஜப்பானிய குவார்ட்ஸ் அலையில் குழுமம் கடனில் மூழ்கியது. 1983-ல் இன்னொரு குழுமமான ஏஎஸ்யுஏஜி-யோடு இணைந்து, நிக்கோலா ஹாயெக் கையில் பிறகு ஸ்வாட்ச் குரூப் ஆனது.

டேனியல்ஸின் தீர்வு

ஒமேகா மறுபடி மெஷினால் பேசப்பட்டது 1999-ல். பேலன்ஸ் சக்கரத்துக்கு உந்துதல் கொடுக்கும் வழக்கமான சுவிஸ் அமைப்பில், சக்கரத்தின் பல் கல்லின் முகத்தில் வழுக்கிக்கொண்டே தள்ளுகிறது. வழுக்குவதற்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் நாளாவட்டத்தில் கெட்டியாகும், நேரம் மாறும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் டேனியல்ஸ் 1970-களில் இதற்கு மாற்று கண்டுபிடித்து 1980-ல் காப்புரிமை பெற்றார். ஒரே அச்சில் இரண்டு சக்கரங்கள்; அதனால் கோ-ஆக்ஸியல் என்று பெயர். உந்தும் வேலையும் பூட்டும் வேலையும் பிரிந்துவிடும். ஊஞ்சலை உரசாமல் தள்ளிவிடுவது போல, உந்துதல் ஏறக்குறைய நேராகக் கிடைக்கும். சுவிஸ் கம்பெனிகள் பலவற்றின் கதவைத் தட்டிய பிறகு கடைசியில் ஒமேகா எடுத்துக்கொண்டது.

முதலில் வந்த 2500, ஏற்கெனவே இருந்த ஈடிஏ கம்பெனி மெஷின் ஒன்றுக்குள் கோ-ஆக்ஸியலைத் திணித்தது. இடம் நெருக்கடி. ஆரம்பகால 2500-களில் சில காரணம் தெரியாமல் நின்றுவிடும் என்ற பெயர் எடுத்தன. துடிப்பை 28,800-லிருந்து 25,200-க்குக் குறைத்தார்கள், பிற்பாடு சக்கரத்தை மூன்று அடுக்காக மாற்றினார்கள். செகண்ட்ஹேண்டில் வாங்குபவர் 2500-க்குப் பின்னால் இருக்கும் எழுத்தைக் கேளுங்கள்; டி என்றால் கவலை குறைவு. 2007-ல் வந்த 8500 தொடக்கத்திலிருந்தே கோ-ஆக்ஸியலுக்கென்று வரைந்தது. இரண்டு ஸ்பிரிங் உருளை, 60 மணி நேரம். இப்போதைய ஒமேகாவின் முதுகெலும்பு அந்தக் குடும்பம்தான்.

2013-ல் 15,000 காஸ் தாங்கும் மெஷினைக் காட்டினார்கள். ரயில்மாஸ்டர் போல இரும்புக் கூடு கிடையாது. பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கே சிலிக்கானில். நடைமுறையில் இதன் அருமை பழைய வாட்ச் வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். போன் உறையின் காந்தம், கைப்பையின் கொக்கி, ஸ்பீக்கர், எதன் அருகிலாவது வைத்தால் எஃகு ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். ஸ்பிரிங் குட்டையானது போல் ஆகி, வாட்ச் நாளுக்குப் பல நிமிடம் முந்தும். ஒரு சின்ன திசைகாட்டியை வாட்ச் மேல் கொண்டுவாருங்கள். ஊசி நடுங்கினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தநீக்கியில் சில விநாடி வைத்தால் முடிந்தது, சர்வீஸுக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

2015 முதல் சுவிஸ் அளவீட்டு நிறுவனமான மெட்டாஸின் சான்றும் சேர்ந்தது. கிரானோமீட்டர் சான்றில் நாளுக்குச் சராசரி மைனஸ் 4 முதல் பிளஸ் 6 விநாடி வரை அனுமதி. இதில் 0 முதல் பிளஸ் 5. ஸ்பீட்மாஸ்டரில் இது 3861 என்ற எண்ணோடு 2021-ல் வழக்கமான மாடலுக்கு வந்தது. திருகியை இழுத்தால் விநாடி முள் நிற்பது, 50 மணி நேர இருப்பு இரண்டும் கிடைத்தன. 321-ஐயும் மறுபடி செய்கிறார்கள், பியெனில் தனிப் பட்டறையில், ஒரு வாட்சை ஒரே ஆள் முழுதாகக் கோத்து.

சந்தையில்

இந்தியாவில் பழைய ஒமேகா வாங்கும்போது அதிகம் ஏமாறுவது டயலில். மும்பையில் மறுபடி அச்சடித்துவரும் டயல்களை உலகமெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்றே சொல்கிறார்கள். ஆரஞ்சு, மயில் நீலம், இரட்டை நிறம் என்று ஒமேகா கனவிலும் செய்யாத வண்ணங்கள் வந்தால் யோசிக்கவே வேண்டாம். கறுப்பும் வெள்ளையும்தான் கஷ்டம். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளின் நடுவில் வருகின்றனவா, எழுத்தின் ஓரம் லென்ஸில் கூர்மையா, ஆறு மணிக்குக் கீழே சுவிஸ் மேட் என்ற வரி ஓரத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். மணிக்குறியில் ஒளிரும் பூச்சு இருந்து முள்ளில் இல்லையென்றால், இரண்டில் ஒன்று வேறு வாட்சிலிருந்து வந்தது.

சில ஆயிரம் ரூபாய்க்குத்தான் இந்த விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஒரு ஏல நிறுவனத்தில், டயல் பழுப்பேறிய சிகே 2915 ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. ஏலத்துக்கு முன் போட்ட மதிப்பீடு 80,000 முதல் 1,20,000 பிராங்க்தான். வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023-ல் ஒமேகாவே அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கோத்தது என்று அறிவித்தது; முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் பங்கு இருப்பதாகவும் சொன்னது. பெட்டி (வாட்சின் வெளிக்கூடு), டயல், முள், மெஷின், ஒவ்வொன்றும் ஒமேகாவினுடையதாகவே இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே வாட்சாகிவிடாது.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மூன்று விஷயத்தைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பெட்டிக்குப் பாலிஷ் வேண்டாம். பட்டையை மாட்டும் காதுகளின் விளிம்பு ஒருமுறை மழுங்கினால் திரும்பாது. டயலையும் முட்களையும் துடைக்கக்கூட வேண்டாம். அச்சடித்த எழுத்து கையோடு வந்துவிடும். கழற்றிய பழைய பாகங்கள் ஒரு கவரில் திரும்ப வேண்டும். மெயின் ஸ்பிரிங்கும் ரப்பர் வாஷர்களும் மாற்றியே ஆக வேண்டியவை, அவை கவரில் இல்லையென்றால் கேளுங்கள். கடைக்குப் போவதற்கு முன் மெஷின் எண், சீரியல் எண், மூடியின் உள் எண் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன்பே அங்கேயே மூடியைத் திறக்கச் சொல்லி, போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.